பங்க் என்ற சொல்லும் எங்கள் வதனி அக்காவின் தலையும்

முட்டை வெள்ளைக்கரு, ஹெயார் ஸ்ப்ரே, கொஞ்சம் சவர்க்காரம்... இந்த மூன்றும் கலந்த மணம் உங்களில் யாருக்காவது தெரியுமா?

தொண்ணூறுகளின் நடுவில், ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த அபார்ட்மென்டின் பாத்ரூமில் காலை ஏழு மணிக்கு அந்த மணம்தான். உள்ளே வதனி அக்கா. வெளியே, வேலைக்கும் பள்ளிக்கும் போக அந்தரப்பட்டுக்கொண்டு நாங்கள் நாலு பேர்.

அக்காவுக்கு அப்போது இருபது வயது. இடுப்புவரை கிடந்த தலைமயிரை இரண்டு பக்கமும் வழித்துவிட்டு ஒருநாள் வந்து நின்றாள். நடுவில் மட்டும், அந்த முட்டையும் ஸ்ப்ரேயும் பூசி நிமிர்த்தி, சேவல் கொண்டை மாதிரி... அதுவும் பச்சை நிறத்தில்! அம்மா "ஐயோ முருகா" என்று கதிரையில் இருந்துவிட்டார். அக்காவுக்குப் பகலில் டோனட் கடையில் வேலை. சனி ஞாயிறில் யாரோ ஒருவருடைய பேஸ்மென்டில் டிரம்ஸ்.

எனக்குப் பதினைந்து வயது. அவளோடு பஸ்ஸில் போக வெட்கப்படுவதாக நடிப்பேன். உள்ளுக்குள் இவளைப்போல ஒருத்தி உலகத்திலேயே இல்லை என்று நினைப்பேன். இப்போதும் அதே நினைப்புத்தான்.

இரண்டு மாதத்தில் அண்ணாவின் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. கூறைச் சேலைத் தட்டை ஏந்திக்கொண்டு போய், பெண்ணுக்குக் கூறை உடுத்தி, மணவறைக்குக் கூட்டி வருவது அவள்தான். அக்கா சின்ன வயதிலிருந்தே அந்த நாளுக்காகக் காத்திருந்தவள். ஆனால் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உந்த வழிச்ச தலையோட நிக்கிறவள் மங்கலக் காரியத்தில தட்டுத் தூக்கிறதோ? என்ர மகள் நிக்கட்டும்."

அம்மா ஒரு சவுரி வாங்கி வந்தார். அதைக் கட்டவும் தலையில் ஏதாவது இருக்க வேண்டுமே!

அப்பாவுடைய பிரச்சினை வேறு. "உன்னுடைய மகள் ஒரு பங்க்" என்று எங்கள் பில்டிங்கைப் பராமரிக்கிறவர் லிஃப்டில் வைத்துச் சிரித்திருக்கிறார். அப்பா யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர், எழுத்தில் இல்லாத எதையும் நம்பாத மனிதர். இங்கே ஏர்போர்ட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். லீவு நாளில் லைப்ரரிக்குப் போய், அந்தச் சொல்லைத் தடித்த அகராதியில் பார்த்து, ஒரு கொப்பியில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்தார்.

வந்தவர் ஒரு கிழமையாக அக்காவோடு கதைக்கவில்லை. அவள் போட்ட தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

ஒரு காலை அக்கா நேரே போய்க் கேட்டாள். "அப்பா, நான் தோழியா நிக்கிறனா, இல்லையா?"

அப்பா கொப்பியை மேசையில் போட்டார்.

முதலாவது: பழைய இங்கிலீஷில், காசுக்குப் போகும் பெண். அதன் கீழே சிவப்புக் கோடு. இரண்டாவது: காவாலி, உதவாதவன். மூன்றாவது: உக்கிப்போன கட்டை. கெதியில் பற்றும் என்பதால் நெருப்பு மூட்ட வைத்திருப்பார்களாம். அது இந்த நாட்டு ஆதிக்குடிகளின் பாஷையில் இருந்து வந்திருக்கலாமாம். நாலாவதாகத்தான் அக்காவின் கூட்டம் அடித்துப் பாடுகிற அந்த முரட்டுப் பாட்டு.

"முதலாவதை வாசி" என்றார்.

அக்கா எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தாள். "எனக்கு உந்த உக்கின கட்டைதான் பிடிச்சிருக்கு" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்...

"ஓமப்பா, ஏசுறதுக்கு வச்சிருந்த சொல்லுத்தான். அதை நாங்களே எடுத்து எங்கட பேராக்கிப் போட்டம். இனி அதைச் சொல்லி ஆரும் எங்களை ஏசேலாது. நீங்களும் உதைத்தானே செய்தனீங்கள்?"

"நானோ?"

"செக்பொயின்ட்ல உங்களைத் 'தெமளா' எண்டு கத்தேக்க என்ன சொன்னனீங்கள்? எத்தினை தரம் எங்களுக்குச் சொல்லியிருப்பியள்!"

தமிழரை ஏசச் சிங்கள ஆமி வைத்திருந்த சொல்லுக்கு, "ஓம், தெமளாதான்" என்று அப்பா நிமிர்ந்து நின்ற கதை அது. அதற்காக முழங்காலில் வாங்கிய அடி ஒவ்வொரு விண்டரிலும் அவருக்கு வலிக்கும். அப்பா கொப்பியை மூடிவிட்டு எழும்பிப் போனார்.

கல்யாணத்தன்று மாமியின் மகள் தட்டுக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள். அக்கா சிவப்புச் சேலையும் பச்சைக் கொண்டையுமாகச் சுவரோரம் நின்றாள். அவளுடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தோழி எங்க?" என்றார் ஐயர்.

அப்பா எழும்பினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து, தட்டைத் தானே தூக்கி, சுவரோரம் போய் அக்காவின் கையில் கொடுத்தார்.

"தம்பி, உது என்ன கோலம்?" என்றார் மாமி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

"அவள் பங்க், அக்கா. என்ர மகள்."

நான் அழுத அழுகையில் கண்மை எல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

பிறகு அல்பம் வந்தது. படம் எடுத்த பையன் நல்லெண்ணத்தில் ஒரு வேலை பார்த்திருந்தான். குடும்பத்துக்கு வெட்கமாக இருக்கும் என்று அவனாகவே நினைத்து, எடுக்கும்போதே கமராவைக் கீழே இறக்கியிருக்கிறான். தட்டு இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது... கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை! அப்பா அன்றைக்கே அவனுடைய ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்.

"தம்பி, என்ர பிள்ளையின்ர தலை எங்க?"

நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். ஒன்றிலும் இல்லை.

அப்பா போய்ப் பல வருஷம். அக்கா இப்போது இலக்ட்ரீஷியன், ரூஜ் என்ற இடத்தில் வீடு, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருக்கிறாள். போன மாதம் மிசிசாகாவில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் போனோம். தோழிப் பிள்ளைக்கு நீலத் தலைமயிர். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கலர் சூப்பரா இருக்கு, இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று போட்டோக்காரர் அவளைத்தான் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

அந்த ஒரு படத்துக்காக அப்பா அலைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. "உனக்குக் கவலையா இல்லையே அக்கா?" என்று கேட்டேன்.

"என்ன கவலை? அந்தப் பிள்ளைக்குத் தட்டை ஆர் எடுத்துக் குடுத்தது எண்டு பாத்தனியே? கல்யாண ஹோல்ல வேலை செய்யிற ஆள். எனக்கு அப்பாவெல்லோ எழும்பி வந்து தந்தவர்."