மிட்வைஃப் எடுத்த வாசிப்புப் பாடம்

1. முதல்நாள்

பென்சன் எடுத்து நாலாம் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தேன். முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராய் இருந்தவள் நான். அந்த நீட்டுப் பெயர் அரசாங்கத்துக்கு. சனத்துக்கு நான் மிட்வைஃப், முகத்துக்கு நேரே ‘மிஸ்ஸி’. நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் என் சைக்கிள் போகாத ஒழுங்கை இல்லை.

பள்ளிக்கூடம் சின்னது, ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வான் வண்டியில் ஏறி ரவுண் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடும். மிச்சப் பிள்ளைகளுக்கு ரீச்சர்மார் காணாது. அதிபர் என்னை றோட்டில் மறித்துக் கேட்டார்.

“அக்கா, கிழமையிலை மூண்டு நாள் வந்து பிள்ளையளை வாசிக்க வையுங்கோவன். சம்பளம் ஒண்டும் இல்லை. குடிக்கப் பிளேன்ரீ தருவம்.”

“எனக்குப் படிப்பிக்கத் தெரியாது சேர்.”

“பக்கத்திலை இருந்து கேட்டால் போதும். கனபேருக்கு வீட்டிலை அதுக்கும் ஆளில்லை.”

வீட்டில் இருந்து சுவரோடு சண்டை பிடிக்கிறதை விட இது நல்லதென்று ஓம் சொன்னேன்.

மூன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அதில் அபிநயா என்று ஒருத்தி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்ப்பாள். தனியே வாசி என்றால் கண் கலங்கிவிடும். ஆனால் கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் சின்னச் சொற்களைக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் ஒரு பக்கம் வாசித்துக்கொண்டு வா என்று விட்டால் மட்டும் ஒருநாளும் வாசித்துக்கொண்டு வரமாட்டாள். எனக்கு விசர் வந்தது.

2. கேற்றடியில்

கிளினிக்கில் எங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு தாய் திகதி தவறி வந்தால் எல்லாருக்கும் கேட்க ஏசுவோம். ஒருத்திக்கு ஏசினால் வாங்கில் காத்திருக்கிற பத்துப் பேர் திருந்துவார்கள் என்பது எங்கள் நினைப்பு. ஏச்சு வாங்கினவளும் அடுத்த மாதம் வருவாள், பிள்ளைக்கு ஊசி போட வேண்டுமே! ஏசாத மிட்வைஃபுக்கு யார் பயப்படுவார்கள்?

அதே வாயோடு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அபிநயாவின் தாய், முந்தி என் கிளினிக்குக்கு வந்துபோன சுகந்தியைக் கேற்றடியில் பிடித்தேன்.

“என்ன பிள்ளை, ஒரு பக்கம் வாசிக்க வைக்க உமக்கு நேரமில்லையோ? போன் பாக்க மட்டும் நேரமிருக்கோ? பெத்தால் மட்டும் போதுமே?”

நாக்கைப் பிடுங்குகிற மாதிரித்தான் கேட்டேன். சுற்றி நின்ற தாய்மார் சிரித்தார்கள். சுகந்தி பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் அபிநயா வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, தாய் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தவ. பிள்ளையை வன்னியிலை தன்ரை தமையன் வீட்டை கொண்டுபோய் விடப்போறாவாம். இப்பதான் எழுத்துக் கூட்டத் தொடங்கினவள். இடையிலை விட்டால் எல்லாம் போச்சு.”

கோதாரி! என் வாயால் ஒரு பிள்ளையின் படிப்பு குழம்பப் போகிறதே! பிளேன்ரீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பினேன்.

3. வீட்டுத் தரிசிப்பு

நேரே வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. சுகந்தி முற்றத்தில் வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“பிழை என்னிலைதான் பிள்ளை. ஆக்களுக்கு முன்னாலை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது.”

அவள் நிமிராமலே சொன்னாள். “எனக்கு எழுத்துத் தெரியாது மிஸ்ஸி. இடம்பெயர்ந்து திரிஞ்சதிலை படிப்பு இரண்டாம் வகுப்போடை நிண்டது. அவள் வாசிச்சால் சரியோ பிழையோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? அவளுக்கும் அது விளங்கீட்டுது. எனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு வீட்டிலை புத்தகமே திறக்கிறாளில்லை.”

“அப்ப கிளினிக் கார்ட்டிலை நான் திகதி எழுதித் தந்ததை எப்பிடி அறிஞ்சனீர்?”

“முன்வீட்டு அக்காட்டைக் காட்டிக் கேக்கிறனான். ஒருக்கா அவ ஊரிலை இல்லை. திகதி தவறீட்டுது. அண்டைக்கும் நீங்கள் எல்லாருக்கும் முன்னாலைதான் ஏசினீங்கள்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. முப்பத்தொரு வருடம் வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளையின் நிறை, தாயின் பிறஷர், கிணறு, கக்கூஸ் எல்லாம் பார்த்தேன். உமக்கு இதை வாசிக்கத் தெரியுமோ என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. அவளுக்கு முன்னால் இருந்து அழுதேன், வெட்கத்தில்தான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். “பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குக் காலமைச் சாப்பாடு சமைக்கத் தாய்மார் முறைக்கு வருகினம்தானே. நீரும் வாரும். சமைச்சு முடிய வகுப்பிலை வந்து பிள்ளைக்குப் பக்கத்திலை இரும். நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கிறதை நீரும் பாரும்.”

“சனம் சிரிக்கும் மிஸ்ஸி.”

“சிரிச்சால் நான் ஏசுவன். பேந்து என்னத்துக்கு எனக்கு இந்த வாய்?”

அப்போதுதான் சிரித்தாள். திங்கட்கிழமை தாயும் மகளும் வந்தார்கள்.

இரண்டு மாதம் போக வேறு இரண்டு தாய்மார் சமையல் முடித்துக் கையைத் துடைத்தபடி வகுப்பின் கடைசி வாங்கில் வந்து இருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்களுக்கும் அதே கதை. அபிநயா இப்போது வீட்டில் புத்தகம் திறக்கிறாள், தாய்க்குப் பிழை பிடிக்கிறதற்கு!

என் இடத்துக்கு வந்திருக்கிற புது மிட்வைஃபிடமும் சொன்னேன். “பிள்ளை, கார்ட்டிலை திகதி எழுதினால் வாயாலும் சொல்லும். தவறி வந்தால் ஏச முதல் ஏனெண்டு கேளும்.” உங்களுக்கும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு உதவியாய்ப் போகிறவர்கள் பிள்ளைக்குத்தான் போகிறோம் என்று நினைக்கிறோம். பிள்ளைக்குப் பின்னால் ஒரு வீடு நிற்கிறது. அந்த வீட்டுக்குள் எத்தனையோ தரம் போயும் எனக்கு விளங்காததை அந்த வகுப்புத்தான் காட்டித் தந்தது.

போன கிழமை ஒருநாள் அபிநயா வரவில்லை. பழையபடி நான் கேற்றடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோடு படிக்கிற பெட்டை ஒருத்தி மடித்த கொப்பித்தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பெரிய பெரிய எழுத்து, கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாய்.

“மிஸ்ஸி, அபிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் வரமாட்டாள். வீட்டை வந்து ஏச வேண்டாம். சுகந்தி.”

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அறிந்து இந்தளவு சந்தோசப்பட்ட மிட்வைஃப் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.