சிங்கவரத்தில் நான் தேடிய சிபியூ

அந்தக் காலத்து மானிட்டரை ஆன் செய்தால் உள்ளே "டொங்" என்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் முடியெல்லாம் எழுந்து நிற்கும். சூடான தூசி வாசனை வேறு...

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அதில் நான்தான் "கம்ப்யூட்டர் சார்". ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவன். செஞ்சிக்காரன் கோட்டை விடாமல் வேறு யார் விடுவார்கள்? ஆறு மாத கோர்ஸ் ஒன்று முடித்திருந்தேன். அந்த மாடியில் அதுவே பெரிய படிப்பு.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் சிபியூ பெட்டிதான். மானிட்டர் வெறும் டிவி. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமமெல்லாம் பெட்டிக்குத்தான் வைப்போம்.

அப்படி ஒரு ஆயுத பூஜைக்கு முதல் நாள், விழுப்புரத்திலிருந்து புது மெஷின் வந்து இறங்கியது. கொண்டு வந்தவர் ஏழுமலை அண்ணன். சிங்கவரத்துக்காரர், சொந்தமாக லோடு ஆட்டோ வைத்திருந்தார்.

அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். தெர்மாகோலுக்கு நடுவில் ஒரு தட்டை மானிட்டர். முதுகு மட்டும் சாப்பிட்டவன் வயிறு மாதிரி உப்பியிருந்தது. ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், ஒரு ஒயர். அவ்வளவுதான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, எல்லாம் சரியா இருக்குதா?"

"சிபியூ காணோம் சார்."

மானிட்டரின் பக்கவாட்டில் சிடி போடுகிற வாய் இருந்தது. டிவிக்கு எதற்கு அந்த வாய் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. படித்தவன் இல்லையா!

முதலாளி ஏழுமலை அண்ணன் பக்கம் திரும்பினார். "யோவ், வழியில எங்கனா நிறுத்துனியா?"

"சிங்கவரத்துக்குப் போயி வூட்டாண்ட நிறுத்தி சாப்ட்டு வந்தேன் சார்."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப அங்கதான் எறங்கியிருக்குது" என்றேன்.

ஏழுமலை அண்ணன் என்னையே பார்த்தார். "ஒட்டுன டேப்பு ஒட்டுனபடியே இருந்துச்சே... நீங்கதானே சார் கிழிச்சீங்க?"

நல்ல கேள்வி. பதில் தெரியாதவன் செய்வதைத்தான் செய்தேன், குரலை உயர்த்தினேன். "டேப்பு எல்லா கடையிலயும் விக்குது!"

அவருடைய ஆட்டோவிலேயே ஏறி, அவர் வீட்டுக்கே சோதனை போடப் போனோம். தெருவே கூடிவிட்டது. அவர் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"இன்னா தேடுறீங்க?"

"சிபியூ."

"அது எப்டி இருக்கும்?"

"பொட்டி மாதிரி."

அந்த அம்மா உள்ளே போய்த் தன்னுடைய தகரப் பெட்டியை இழுத்து வந்து, எல்லார் எதிரிலும் திறந்து வைத்தார். நாலு புடவை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பழைய சட்டைகள்... நான் குனிந்து, கையை விட்டு, புடவைகளுக்கு அடியிலும் துழாவிப் பார்த்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

திரும்பி வந்து விழுப்புரம் கடைக்கு போன் போட்டோம். அந்தப் பக்கம் ஒருவர் சிரிக்கிறார். "சார், இதுல தனி பொட்டியே கெடையாது. எல்லாம் ஸ்க்ரீன் பின்னாடியே இருக்குது. சொருகி பட்டனை அமுக்குங்க."

அமுக்கினேன். எரிந்தது.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழுமலை அண்ணன் சிரிக்கவில்லை. "ஊரு எதிர்க்க தேடுனீங்க சார். ஊரு எதிர்க்க வந்து 'ஏழுமலை எடுக்கல'ன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நம்ம கோயிலுக்கு சாமி சாமான் ஏத்திப் போறதே நான்தான்."

"பூஜ முடிஞ்சதும் வரேன்ணா" என்றேன்.

போகவில்லை. பூஜை முடிந்தது, தீபாவளி முடிந்தது, பொங்கலும் முடிந்தது. அந்த வருஷம் கோயில் சாமான் வேறு ஆட்டோவில் போனதாகக் கேள்விப்பட்டேன். அவரைத் தூரத்தில் பார்த்தாலே ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்துவிடுவேன். ஒரே பேப்பரை எத்தனை முறை ஜெராக்ஸ் எடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

மெஷின்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன. முதுகு வற்றியது. சிடி வாய் மூடிக்கொண்டது. ஒயர்கள் போயின. போன மாதம் மகள் காலேஜுக்காக ஒன்று வாங்கினேன், பரீட்சை அட்டை மாதிரி இருக்கிறது. காமிரா கூட வேண்டும்போது மட்டும் தலையை நீட்டுகிறது. பொட்டு வைக்கக்கூட இடமில்லை. அந்தக் குஷியில் அவளிடம் இந்தக் கதையைக் காமெடியாக எடுத்துவிட்டேன். மகள் சிரித்தாள். சிரிப்பை நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

"அப்புறம் போயி சொன்னியா நைனா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்கவரம் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் ஏழுமலை அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாங்க கம்ப்யூட்டர் சார். பூஜ இப்பதான் முடிஞ்சுதா?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "அன்னிக்கு நீங்க எடுக்கலண்ணா. எனக்குத்தான் தெரியல."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வந்தார், பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். அன்றைய கூட்டத்தில் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சமாம். மற்றவர்கள் காலமாகிவிட்டார்கள், இல்லையென்றால் சென்னைக்குப் போய்விட்டார்கள். செல்போனோடு நின்ற இரண்டு பையன்கள் பொழுது போகாமல் வந்து சேர்ந்தார்கள்.

சொன்னேன். சிபியூ திருட்டு போகவே இல்லை, ஏழுமலை அண்ணன் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது...

"சிபியூன்னா இன்னாங்க?" என்றான் ஒரு பையன்.

விளக்க வாயைத் திறந்தேன். ஏழுமலை அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது கெடக்குது. பெரியவருக்குக் காது கேக்காது. இன்னொரு தபா சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா."