மூன்று நடைகளை ஒரே மேடையில் குடிவைத்த புவனா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் என் கடையைத் திறந்து பால் பெட்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எங்கள் கலை மன்றத் தலைவர் சபாநாதன் அண்ணை பேசினார்.

"புவனா போயிட்டா, தம்பி. விடிய, ஆஸ்பத்திரியில."

நான் பால் பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவரே, "இனி என்னோட ஆர் சண்டை பிடிக்கிறது?" என்றார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புவனேஸ்வரி அவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனார். படித்தது பாலம் கட்ட, ஆனால் மனதைப் பறிகொடுத்தது நாடகத்துக்கு. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தார். பகலில் கவுன்சில் வேலை, மாலையில் ஒத்திகையில் எங்களை வதைக்கும் வேலை. அந்த வதை இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

அவர் முதலில் தமிழாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்ய நகைச்சுவை நாடகம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து திரும்பும் இளைஞன் உண்மையைப் பேசுகிறான். பெரிய மனிதர்கள் கூடி அவனைப் பைத்தியம் என்கிறார்கள். வீட்டுக்காரப் பிரபு வேடம் எனக்கு. எனக்கு இலக்கணம் பிசகாத செந்தமிழ், இளைஞனின் தனிமொழிக்குக் கூத்து இராகம், விருந்தாளிகளுக்கு நம்முடைய வீட்டுப் பேச்சு என்று பிரித்து எழுதியிருந்தார்.

ஒத்திகை பார்த்த தலைவர் தலையில் கைவைத்தார். "பிள்ளை, சனம் குழம்பிப் போகும். ஒண்டில் சிரிக்க வை, ஒண்டில் அழ வை."

"அதுதானே அண்ணை இந்த நாடகம்! ஒரு வீடு, ஒரு நாள் எண்ட செவ்வியல் கட்டுப்பாடு இருக்கு. அதுக்குள்ள கற்பனாவாதக் காதலன் தனிய நிண்டு கொதிக்கிறான். சுத்தி நிக்கிற சனம் யதார்த்தமா எங்களை மாதிரியே வம்பளக்குது. அப்டன் பார்க்கில எங்கட சனம் ஒரு வீட்டுக்கை மூண்டு குடும்பமா இருக்கேல்லையே? ஆரை வீட்டை விட்டு எழும்பச் சொல்லுறது?"

தலைவர் விடவில்லை. "சரி, போடு. சனத்துக்குப் பிடிக்காட்டி அடுத்த வருசம் நாடகமே இல்லை. சினிமாப் பாட்டுத்தான்."

"ஓம்" என்றார் அக்கா.

ரெய்னர்ஸ் லேனில் மண்டபம் எடுத்தோம். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு நம்மவர்கள் வரமாட்டார்கள் என்பது உலகறிந்த விஷயம். கொஞ்சம் பொறுப்போம் என்று கெஞ்சினோம். "ஒரு நாளில முடியிற கதையை அடுத்த நாள் துவங்க ஏலாது" என்று சொல்லிவிட்டு, போட்ட நேரத்துக்கே அக்கா திரையை இழுத்தார். முதல் இரண்டு அங்கங்களையும் வெறும் நாற்காலிகளுக்குத்தான் நடித்தோம். முன்வரிசையில் தலைவர் இஞ்சி தின்ற முகத்தோடு இருந்தார். அக்காவின் நாடகக் கனவு அன்றோடு சரி என்று நினைத்தேன்.

மூன்றாம் அங்கத்தில் பிரபு வீட்டு விருந்து. சரியாக அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாகச் சனம் வந்து சேர்ந்தது. அக்கா மேடையிலிருந்த பன்னீர்ச் செம்பையும் சந்தனத் தட்டையும் தூக்கிக்கொண்டு கதவடிக்கு ஓடினார். "வாங்கோ, வாங்கோ! உங்களுக்குத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம்!" பன்னீர் பட்டதும் எங்கள் சனத்துக்கு அது விழா வீடாகிவிட்டது. சந்தனம் தொட்டுக்கொண்டு, உரக்கக் கதைத்தபடி உட்கார்ந்தார்கள். விருந்தாளிகளாக நடித்தவர்கள் மேடையை விட்டிறங்கி அவர்களுக்கு நடுவில் அமர்ந்து, "அந்தப் பெடியனுக்கு விசராம், கேள்விப்பட்டியளே?" என்று காதைக் கடித்தார்கள். பைத்தியம் என்ற வதந்தி வரிசை வரிசையாக ஓடியது.

"ஐயோ, ஆற்ற பெடியன்? எவ்வளவு நாளா?" என்று ஒரு அம்மா உண்மையாகவே பதறினார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் இளைஞன் தனியாக வந்து நின்று பாடத் தொடங்கினான். குழந்தைகள்கூட அடங்கிவிட்டார்கள். பாடி முடித்தபோது நான் எழுந்து, செந்தமிழில் அவனைப் பித்தன் என்று தீர்ப்புச் சொன்னேன். அதே அம்மா துள்ளி எழுந்தார்.

"அவனுக்கு விசர் இல்லை! அவன் சொல்லுறது முழுக்க உண்மை!"

மண்டபமே அவர் பக்கம் சேர்ந்து என்னைப் பார்த்து 'ஊ' என்று கத்தியது. அதைவிட நல்ல பாராட்டு எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

முடிவில் தலைவர், பிரதம விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடையை அக்காவுக்குப் போர்த்தினார். "சனம் குழம்பேல்லை, பிள்ளை. நான்தான் குழம்பிட்டன். அடுத்த வருசம் என்ன நாடகம்?" என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பு அன்று வந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். தொண்ணூறுகளிலும் ஆண்டு தவறாமல் நாடகம் போட்டோம். சபாநாதன் அண்ணையும் அக்காவும் ஆண்டு தவறாமல் சண்டை பிடித்தார்கள்.

நேற்று அவரை வழியனுப்பினோம். தகனசாலையில் பெட்டி மெல்ல உள்ளே நகர, திரை மூடியது. சபாநாதன் அண்ணை எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த கணம் மண்டபம் முழுவதும் எழுந்து தட்டியது. அங்கே பொறுப்பாக நின்ற வெள்ளைக்காரர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அழுதுகொண்டே தட்டினோம், நிறுத்த மனம் வரவில்லை.

போய் வாருங்கள், அக்கா. அடுத்த நாடகத்துக்கு மண்டபம் எடுத்தாயிற்று.