பாவாயியின் முழங்கால்

புரட்டாசி மழையில் ஊரார் வெளிக்குப் போகும் காட்டின் அழுக்கெல்லாம் ஜவ்வரிசி செய்யும் எங்கள் சேகோ ஆலைக் கிணற்றில் இறங்கிவிட்டது. கிழங்கு தோல் உரிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு ஒரே வாரத்தில் சீதபேதி. எழுபதுகளின் கடைசி. மல்லசமுத்திரம் பக்கம் சின்ன ஆலை. எனக்கு மேஸ்திரி வேலை கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். பெண்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது.

தோண்டிய மரவள்ளியை, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கை, இரண்டு நாள் போட்டுவைத்தால் உள்ளே கறுத்துவிடும். அப்புறம் மாவு வெள்ளையாக வராது. அதனால் ஆள் குறைந்தால் முதலாளியிடம் ஏச்சு எனக்குத்தான். நல்லவேளையாக டாக்டர் கொடுத்த மாத்திரையில் எல்லோரும் தேறி வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி பாவாயி.

மூன்று வாரம் கழித்து அவளுடைய வலது முழங்கால் வீங்கியது. உரிக்கிற வேலை முழுக்கக் குத்தவைத்துச் செய்வது. அவளால் காலை மடக்க முடியவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, ஒரு மரப்பெட்டி குடுத்தீங்கன்னா அதுமேல உக்காந்து உரிச்சுப் போடுவனுங்க" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த நல்லம்மாள் முந்திக்கொண்டாள். "ஒரே கெணத்துத் தண்ணியத்தான அத்தனை பேரும் குடிச்சோம்? எங்களுக்கெல்லாம் வராத நோவு உனக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? மகராணி முட்டியா உன்னுது?"

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது. பெட்டி கொடுக்கவில்லை.

பாவாயி மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "கிருமி செத்துப்போச்சாமுங்க. வீக்கம் வடியத்தான் நாளாகுமாமுங்க."

கிருமி செத்த பிறகு வீக்கம் எதற்கு? எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் முழங்கால் கொஞ்சம் வடிந்து, இடது கணுக்கால் வீங்கியது.

"போன வாரம் அந்தக் காலு, இந்த வாரம் இந்தக் காலா அம்மிணி?" என்று கேட்டேன். அவளிடம் நான் அதிகமாகப் பேசியது அதுதான். அவள் கண்கள் சிவந்திருந்தன. அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் சாயங்காலம், ஆட்டுக்குப் போடக் கிழங்குத் தோல் அள்ளிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக நடந்து போவதைப் பார்த்தேன். மறுநாள் முதலாளி கேட்டார்.

"ஏப்பா, அந்தப் புள்ளைக்கு நெசமாவே நோவா? இல்ல, வேற ஆளப் போட்டரலாமா?"

"சாயங்காலம் நல்லாத்தான் நடக்குதுங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது என் முன்னால் நின்றாள். "ஒரு நாள் வெடியால எங்கூட்டுக்கு வந்து பாருங்க மேஸ்திரி. நான் பாயிலிருந்து எந்திரிக்கறதப் பாருங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அடுப்பு பார்க்கும் ரங்கனுக்கும் அதேபோல் வந்தது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகு முழங்கால் வீக்கம். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, "காலையில எழுந்தா எவ்வளவு நேரம் கால் விறைப்பா இருக்கு?" என்பதுதான்.

பிறகு எனக்கும் புரியும்படி சொன்னார். கிருமியைக் கொல்ல உடம்பே தனக்குள் ஒரு படையை எழுப்புகிறது. சிலர் உடம்பில் கிருமி செத்த பிறகும் அந்தப் படை அடங்காமல் மூட்டுகளைத் தாக்குகிறது. ஏன் என்று முழுதாகத் தெரியாது. ஒரே தண்ணீரைக் குடித்த எல்லோருக்கும் வராது. ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டுக்குத் தாவும். கண்ணும் சிவக்கலாம். காலையில் முடக்கிப் போடும். நடமாட நடமாட இளகும். பலருக்குச் சில மாதங்களில் வடியும், சிலருக்கு இழுத்துக்கொண்டே போகும்.

பாவாயி நடிக்கிறாள் என்பதற்கு நான் மனதில் சேர்த்துவைத்திருந்த சாட்சி அத்தனையும் அந்த நோயின் குணங்கள். 

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நன்றாக நடந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன்.

"ஆறு மாசத்துல வடிஞ்சு போச்சுங்க. அந்த வேலை கெடக்கட்டுமுங்க, இப்பத் தறிக்குப் போறேன்" என்றாள். பிறகு சொன்னாள், "மேஸ்திரியே சொல்லிட்டாருன்னு எங்கூட்டுக்காரரும் நான் நடிக்கறன்னு நம்பிட்டாருங்க. அந்த ஆறு மாசமும் வெடியால என்னையக் கையப் புடிச்சுத் தூக்கிவிட ஆளில்லாமப் போச்சுங்க."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேஸ்திரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருவருடைய வலியைப் பற்றி முதலாளி உங்களைக் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் "எனக்குத் தெரியலீங்க" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஐந்தாவது படிப்பே அதிகம்.