நான் தட்டினால் ஓடும் கட்டளை

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் அச்சடிக்கும் கம்ப்யூட்டர்கள் நாலும் என் பொறுப்பு. எல்லாம் நானே தட்டித் தடவிக் கற்றதுதான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், எல்லா மெஷினையும் ஒரே மாதிரி பராமரிக்கும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். பாஸ் புரோகிராம் அடிக்கடி தொங்கிவிடும். அதனால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை நிறுத்தித் திரும்பக் கிளப்பு என்று அதில் எழுதிவைத்தேன்.

முதல் நாளே நிறுத்தியது, கிளப்பவில்லை. அதே கட்டளையை நான் கையால் தட்டினேன், ஓடியது. நாலு வண்டி போவதற்குள் மென்பொருள் வந்து மறுபடி நிறுத்திவிட்டது.

ஜன்னலில் ராயபுரத்து டிரைலர் டிரைவர் ஒருவர். நாலு மணிக்குள் துறைமுகத்துக்குள் நுழையாவிட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் வரை வண்டியோடு வரிசையில் கிடக்கவேண்டும். மறுநாள் காலை ராயபுரம் மாதா கோயிலில் அவர் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு.

"இன்னா நைனா, நாலு துப்புது, அப்பால வாய மூடிக்குது?"

"நான் தட்டினா ஓடுதுண்ணே."

"அப்ப நீயே குந்திகினு தட்டு. அத்த எதுக்கு இட்டாந்தே?"

நியாயம்தான். மென்பொருளை அணைத்திருக்கலாம். நான் கொண்டுவந்ததை நானே அணைப்பதா என்று வீம்பு. உட்கார்ந்தேன், எழுந்தேன், மென்பொருளில் எழுதியிருந்த கட்டளையை நான் தட்டுவதோடு எழுத்தெழுத்தாக மூன்று தடவை ஒப்பிட்டேன். அச்சு அசல் அதேதான். வெளியே ஹாரன் மண்டையைப் பிளந்தது.

கடைசியில், கிளப்பும்போது வரும் பிழையை ஒரு ஃபைலில் எழுதவைத்தேன். 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது. புரோகிராம் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பதை என் லாகினில் மட்டும் குறித்துவைத்திருந்தேன். நான் பெயரைத் தட்டினால், கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் அங்கே போய்த் தேடும். மென்பொருள் என் லாகின் வழியாக வருவதில்லையே! முழுப் பாதையையும் சேர்த்து எழுதினேன். அடுத்த சுற்றில் நிறுத்தியது, கிளப்பியது. மூன்றேகாலுக்கு டிரைவர் பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை, அவர் கப்பலைப் பிடித்தாரோ இல்லையோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்ணூர் சாலையில் நின்ற டிரைலர் வரிசையை ஒட்டியே என் பைக்கை ஓட்டினேன், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. அவர் இல்லை. அப்படியும் ராயபுரம் வரை போனேன். கோயில் வாசலில், வெள்ளைக் கவுன் போட்ட மகளோடு நின்றிருந்தார்.

"நீ இங்க இன்னா பண்றே? அங்க மிஷினை எவன் பாத்துகினு கீறான்?"