ஜன்னலுக்கு வெளியே வைத்த ஊசி

பிள்ளைகளே, உங்கள் அம்மாவை நான் திருட்டுத் தீனிக்காரி என்று சொன்னதை நானே எழுதிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

மூட்டு ஆபரேஷனுக்கு முன் அவள் எடை குறைய வேண்டும் என்றார் டாக்டர். சர்க்கரையும் இருந்ததால் வாரம் ஒரு ஊசி எழுதினார். நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரந்து மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லுமாம். அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுமாம். மருந்து அதே சேதியை வாரம் முழுக்கச் சொல்லும்.

முட்டி சரியாகாவிட்டால் அவளால் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து கிள்ள முடியாது. அவள் வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிற எனக்கு எஸ்டேட் வீடு தராது.

முதல் மாதம் நன்றாகக் குறைந்தாள். "ரெண்டு இட்லிக்கு மேல எறங்கலைங்க" என்று சிரித்தாள். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைக் குளிரில் வைக்கச் சொன்னதால், முதல் பேனா பக்கத்துக் கடைக்காரர் ஃப்ரிட்ஜில் இருந்தது. அவர் கேலி பேசியதில் அவளுக்குக் கூச்சம். அதனால் ஜனவரியில் வாங்கிய அடுத்த பேனாவை, ஞாயிற்றுக்கிழமைக் கறி மிஞ்சினால் வைக்கிற இடத்தில், ஜன்னலுக்கு வெளியே நான்தான் வைத்தேன். மூணாறு குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு என்று நினைத்தேன்.

சில வாரங்களில் அவள் பழையபடி சாப்பிட்டாள்.

"நான் வண்டியெடுத்ததும் திங்கியா?"

"சத்தியமா இல்லங்க. பசிக்குது."

"ஊசி போட்டும் பசிக்குதா? யார்ட்ட கதை விடுற, திருட்டுத் தீனிக்காரி?"

மறுநாள் பிஸ்கட் டப்பாவை ஜீப்பிலேயே எடுத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் எடை கூடியிருந்தது. பேனாவை எங்கே வைத்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். சொன்னேன்.

"வெளியிலயா? புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்துச்சே! ஒருவாட்டி உறைஞ்சா மருந்து போச்சுண்ணே. உருகினா பார்க்க நல்லாத்தான் இருக்கும். போட ஆரம்பிச்ச பேனாவை வீட்டுக்குள்ள வச்சிருந்தாலே போதுமே."

உங்கள் அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நான் திருடித் திங்கலன்னு இவருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. முட்டியில் துணி கட்டிக்கொண்டு இன்றும் மலை ஏறுகிறாள். புது மருந்து வேலை செய்கிறது. ஆனால் என் எதிரில் சாப்பிடுவதில்லை. ஜீப் கிளம்பிய பிறகுதான் தட்டை எடுக்கிறாளாம். லீவுக்கு வரும்போது நீங்களாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவள் தட்டை மட்டும் பார்க்காதீர்கள்.