மடக்கு சைக்கிளை நம்பி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போன கதை

போன மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் வசதியை நிறுத்திவிட்டார்கள். வீடு அல்சூரில். மனைவி கவிதாவுக்கு ஏரிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை. எனக்கு வேலை ஊரின் இன்னொரு கோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில். "ஒம்பதரை மீட்டிங்ல சீட்ல இருக்கணும். ஒரு வாரம் பாருங்க, முடியலன்னா ஆபீஸ் பக்கத்துல ஏதாவது பிஜி ஹாஸ்டல்ல ரூம் எடுத்துக்கோங்க" என்றார் மேனேஜர். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவனிடம் சொல்கிற பேச்சா இது? அந்த எரிச்சலில்தான் இருபத்து நாலாயிரம் கொடுத்து மடக்கு சைக்கிள் வாங்கினேன். இதே யோசனையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறக்கவும்.

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்குக் கிளம்பினேன். அல்சூர் மெட்ரோவுக்கு ஒன்றரை கிலோமீட்டர். "எல்லிகே சார்?" என்று கன்னடத்தில் எங்கே போகணும் எனக் கேட்ட ஆட்டோக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் மிதித்ததில் ஒரு திமிர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்டேஷனில் மடித்து உறை மாட்டியதும் லக்கேஜ் என்று விட்டுவிட்டார்கள். டிக்கெட் ஒரு வழிக்கு எண்பது, தொண்ணூறு ஆகும்.

விளம்பரத்தில் ஒரு பெண் இதைக் கைப்பை மாதிரி தூக்கிக்கொண்டு சிரிப்பாள். என்னுடையது பன்னிரண்டு கிலோ. மெஜஸ்டிக்கில் ஒரு முறை, ஆர்.வி. ரோட்டில் ஒரு முறை ரயில் மாற வேண்டும். இரண்டு இடத்திலும் பெடல் யாருடைய முழங்காலையாவது பதம் பார்த்தது. "சைக்கிள்தான் இருக்குதே, ஓட்டிட்டுப் போறதுதானே?" என்றார் இடிபட்ட ஒருவர். மூச்சு வாங்கியபடி அடுத்த ரயிலுக்கு ஓடினேன்.

கோணப்பன அக்ரஹாராவில் இறங்கி ஆபீசுக்கு மூன்று கிலோமீட்டர். மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோட்டில் போனேன். சக்கரம் சின்னது, ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும். ஆனாலும் ஒன்பது ஐந்துக்கு வாசலில் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

லாபியில் இருந்த செக்யூரிட்டி கிருஷ்ணகிரிக்காரர். உறையைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன சார்?"

"சைக்கிள்."

"வண்டின்னா பேஸ்மெண்ட் சார். இந்தப் பக்கம் விட மாட்டோம்."

பேஸ்மெண்ட்டில் இருந்தவர் ஸ்டிக்கர் போட நம்பர் கேட்டார். சைக்கிளுக்கு ஏது நம்பர் என்றேன்.

"நம்பர் இல்லாம ஸ்டிக்கர் இல்ல சார். மடிச்சாச்சுல்ல, அது லக்கேஜ். லாபிக்கு ஹோகி."

மறுபடி லாபி. "லக்கேஜ்னா மெட்டீரியல் பாஸ் வேணும் சார். அட்மின்ல சைன் வாங்கணும். அவங்க பத்து மணிக்குத்தான் வருவாங்க." அவரைத் திட்டி என்ன பயன், அவருக்குச் சொன்னதை அவர் செய்கிறார். வெளியே பூட்டி வைக்கலாம்தான். யாரும் சுலபமாகத் தூக்கிக்கொண்டு போகத் தோதாகவே செய்த பொருள் ஆயிற்றே!

மீட்டிங்கில் போன் வழியாகச் சேர்ந்தேன், பின்னணியில் பஸ் ஹாரனோடு. பத்து மணிக்கு மேல் வந்த அட்மின், பாஸ் அன்றைக்கு மட்டும்தான் செல்லும், தினமும் புதிதாக வாங்க வேண்டும் என்றார். வாரம் முழுக்க இதே கூத்து. வெள்ளிக்கிழமை மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி: "பிஜி பாத்தாச்சா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு: சமமான ரோட்டில் நல்ல வண்டி, ஆட்டோ பேரம் மிச்சம், வீட்டுக்குள் இடம் அடைக்காது. தூக்கும் தூரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், மழையில் உறை நனைந்தால் இன்னும் கனக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் போய்ச் சேரும் கட்டடத்தில் இதை வண்டி என்பார்களா, பை என்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஆபீசுக்குப் பக்கத்தில் ஆண்கள் பிஜியில் இருக்கிறேன். முதல் ஞாயிறு கவிதாவும் கூட வந்தாள். சைக்கிளைப் பார்த்த பிஜி ஓனர், "ரூம்லயே வெச்சுக்கோங்க சார், பரவால்ல" என்று கதவைத் திறந்துவிட்டார். பிறகு கவிதா பக்கம் திரும்பி, "லேடீஸ் உள்ள வரக்கூடாதும்மா" என்றார்.